அண்ணன் கட்டிவிட்ட கம்ப்யூட்டர்

“ஏட்டி, ஒன் கம்ப்யூட்டர் செத்துப் போச்சு.”

டெல்பின் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். கடலடியில் இன்னும் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று கணக்குச் சொல்லும், கைக்கடிகாரம் போன்ற அந்த முங்கு கம்ப்யூட்டரின் திரை கறுத்துக் கிடந்தது. காலையில் முதல் தடவை முங்கியபோது நன்றாகத்தான் இருந்தது.

“இப்பமா சாவணும்? நாளைக்குக் கச்சான் காத்து ஏறிரும்ண்ணே. அப்புறம் கடல் கலங்கிரும். அப்பாவ மணல் மூடிரும்.”

“என்னோடதக் கட்டிக்கோ. சளி பிடிச்சு நான் காலையிலேருந்து தண்ணியிலயே இறங்கலையே.” ரெமி கழற்றித் தங்கையின் கையில் கட்டினான். அறுந்த வாருக்குப் பதிலாகப் பச்சைத் தூண்டில் நரம்பு.

“நிலோஃபர் அக்காகிட்ட சொல்லணுமா?”

“சொன்னா இறங்க விடமாட்டாவ. சும்மா இறங்குட்டி.”

போன புயலில் நங்கூரம் அறுந்து மிதந்த வள்ளத்தைக் காப்பாற்ற அப்பா தனியாக நீந்திப்போய் ஏறினார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அடக்கம் பண்ண ஒரு எலும்பாவது வேண்டும் என்று அம்மா பூசைக்கே சம்மதிக்கவில்லை. அதற்காகத்தான் அண்ணனும் தங்கையும் முங்குப் பயிற்சியில் சேர்ந்தார்கள். ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ராக்ஸ் காற்று வரைக்கும் படித்தார்கள். அதைச் சுவாசித்தால் கடலடியில் கூடுதல் நேரம் நிற்கலாம். காலையில் டெல்பினும் பயிற்றுநர் நிலோஃபரும் வள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அறைக் கதவுதான் திறக்கவில்லை.

“டெல்பின், காத்துக் கலவைய கம்ப்யூட்டர்ல வச்சியா?” படகின் மறுபக்கத்திலிருந்து நிலோஃபர் கேட்டாள்.

“வச்சாச்சுக்கா. ஆக்சிஜன் முப்பத்திரெண்டு.”

“காலையிலயும் ஒண்ணா முங்கினோம். ஒனக்கும் எனக்கும் ஒரே கணக்கு. மேல போன்னு காட்டினா ஒரு பேச்சும் கிடையாது.”

“தண்ணிக்குள்ள எப்படிக்கா பேசுறது?”

“நீ பேசுவ.”

கடலடியில் வள்ளம் சாய்ந்து கிடந்தது. டெல்பின் இரும்புக் கம்பியைக் கதவின் தாழ்ப்பாளுக்குள் கொடுத்து நெம்பினாள். துரு புகைபோல உதிர்ந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. அப்பா, இந்தா வந்துட்டேன்.

நிலோஃபர் தோளைத் தட்டினாள். கட்டைவிரலை மேலே காட்டினாள். அவள் திரையில் மிச்சம் இரண்டே நிமிடம். டெல்பின் தன் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபத்தொன்று! இருக்குல்லா நேரம்?

நிலோஃபரின் கண் எண்ணில் நிற்கவில்லை; பச்சை நரம்பில் நின்றது. அவள் நரம்பைச் சுண்டினாள். மேலே படகைக் காட்டினாள். டெல்பினின் நெஞ்சைத் தொட்டு, இல்லை என்று கையாட்டினாள்.

டெல்பினுக்குப் புரிந்துவிட்டது. காலை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் ரெமியோடு படகில் உட்கார்ந்திருந்தது. அவள் ரத்தத்தில் காலையிலேயே ஏறிய நைட்ரஜன் அதற்குத் தெரியாது. அது காட்டியது ரெமியின் நேரம். அவளுடைய நேரம் நிலோஃபரின் கையில் தீர்ந்துகொண்டிருந்தது. மீறி நின்றால், மேலே ஏறும்போது அந்த நைட்ரஜன் ரத்தத்தில் குமிழாகி ஆளைக் கொல்லும்.

புரிந்தும் கம்பியை விட மனம் வரவில்லை. இன்னும் ஒரு நெம்பு. இன்னும் ஒன்று. நிலோஃபர் தனியாக மேலே போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்திலேயே நின்று திரையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு ஒன்றானது, ஒன்று பூஜ்யமானது, எச்சரிக்கை மின்னத் தொடங்கியது. இந்த அக்காவுக்கும் வீட்டில் ஆள் உண்டு.

டெல்பின் கம்பியைக் கீழே போட்டாள்.

ஏறும் வழியில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். நைட்ரஜன் இறங்கி, நிலோஃபரின் கருவி போகலாம் என்னும்வரை அசைய முடியாது. சிலிண்டரில் காற்று வற்றிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்தால் நீலம் மட்டும்தான், வள்ளம் தெரியவில்லை. டெல்பின் முகமூடிக்குள் அழுதாள்.

படகில் ஏறியதும் நிலோஃபர் ரெமியிடம் போனாள். “கம்ப்யூட்டரக் கட்டிவிட்டியே, அப்படியே ஒன் ரத்தத்தையும் ஏத்தி விட்டிருக்கலாம்ல?”



கரையில் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

“கெடச்சாவளா?”

“இல்லம்மா. கதவு தெறக்கல. தாழ்ப்பாள் துருப்பிடிச்சு…”

“எந்தத் தாழ்ப்பாளு?”

“வெளித் தாழ்ப்பாள்ம்மா. நெம்பி நெம்பிப் பாத்தேன்.”



“தனியாப் போன மனுசன். வெளிய தாழ் போட்டுக் கெடந்தா, உள்ள எப்படிட்டி இருப்பாவ?”

 அந்தத் தாழ்ப்பாளை டெல்பின் காலையிலும் பார்த்தாள், மத்தியானமும் பார்த்தாள். அப்பா உள்ளே இருக்க வேண்டும் என்ற ஆசை அதன் அர்த்தத்தைப் பார்க்கவிடவில்லை.

அம்மா குனிந்து, அவள் மணிக்கட்டில் இருந்த பச்சை நரம்பை அவிழ்த்தாள். கம்ப்யூட்டரை ரெமியிடம் கொடுத்தாள்.

“கல்லறையில வைக்க ஒண்ணும் வேண்டாம். சாமியார்ட்ட பூசைக்குச் சொல்லிரு,” என்றாள். “நீ நில்லுட்டி. ஒன்ன நல்லாப் பாத்துக்கிடுதேன்.”