ஈரம் பிடிக்காத இடங்கள்

கழுவிவிட்ட ரயில் மேடையில் ஒரு இடம் மட்டும் நனையவில்லை. துப்புரவு வேலைக்காரி பத்மாசனி வாளித் தண்ணீரை நேராக அதன்மேலே ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் வந்தது, விலகியது, சுற்றிக்கொண்டு தண்டவாளப் பக்கம் போனது. சுவரோரமாக ஒரு ஆள் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருக்கக்கூடிய அளவில் சீமெந்துத் தரை வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது.

அது தை மாதத்தில். இப்போது ஆவணி, அப்படிப் பதினொரு இடங்கள், வரிசையாக. ஸ்ரேசன் மாஸ்ரர் மஸாஹிரிடம் காட்டினாள்.

"சீமெந்து சரியில்லை அக்கா, வேறொண்டும் இல்லை," என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் பொழுதுபட்டால் தன் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

அந்த நிலையம் எத்தனையோ வேஷம் போட்டுக் களைத்தது. முதலில் காட்டு மரம் ஏற்றினார்கள். பிறகு நெல்லும், லீவுக்கு யாழ்ப்பாணம் போகிற வாத்திமாரும். தொண்ணூறில் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கர்க் குழிகளுக்குக் கூரையாய்ப் போயின. கூரை பறந்த கட்டடத்தில் இடம்பெயர்ந்த சனம் சமைத்தது, பிள்ளை பெற்றது, எழும்பிப் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு சுவர். புதிதாய்க் கட்ட வந்தவர்கள் அதை இடிக்காமல் மேலாலே பூசி, மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டார்கள்.

பதினேழு வருஷத்துக்கு முந்தி, சண்டையின் கடைசி இடப்பெயர்வில், கால் காயப்பட்ட புருஷன் குகதாசனை அந்தச் சுவரில் சாத்தி இருத்திவிட்டு, ஒரு வயது சுமித்திராவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் தேடிப் போனாள். வன்னியில் யாரும் போகிறேன் என்று சொல்லிப் புறப்படுவதில்லை. அவளும் "போட்டு வாறன்" என்றுதான், திரும்பி வருவதாகத்தான், சொன்னாள். ஷெல் விழுந்தது. சனம் கிழக்கே ஓடியது, சனத்தோடு அவளும். திரும்பி வர நாலு வருஷம். சுவரோரம் யாரும் இல்லை. அன்றைக்கு அதே சொல்லை நம்பி அந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ, பாவங்கள்!

அதன்பிறகு அவள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. பேசாமல் எழும்பிப் போவாள். சனம் தலைக்கனம் என்றது. இன்னொரு வைராக்கியமும் இருந்தது. வவுனியாவில் படிக்கிற சுமித்திரா பின்னேர ரயிலால் இறங்கும்போது அம்மா முன்னால் நிற்கவேண்டும். பிள்ளை இந்த மேடையில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது.

இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம். மேடை கூட்டும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றவளுக்கு டெற்றோல் மணத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, பழைய புண்ணும் அவியாத அரிசியும் நனைந்த பாயும் கலந்த வாடை, மெல்ல மேலே வந்தது. காற்று அசையாத அந்த மைம்மல் பொழுதில் யாரோ கையால் பொத்திக்கொண்டு இருமுவது காதில் விழுந்து, விழுந்து, நின்றது. சுவரில் சாய்ந்தாள். சரிந்தாள். அந்தக் காய்ந்த இடங்களின் வரிசையில் இருந்தாள்.

ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தாள்.

சுகமாய் இருந்தது. பதினேழு வருஷத்தில் இப்படியொரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. அதுதான் பயமாய் இருந்தது.

எழும்பப் பார்த்தாள். கால் வரவில்லை.

இடப்பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். வலப்பக்கமும்.

"தண்ணி கொண்டந்தனியே?"

குகதாசனின் குரல். கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை.

ரயில் வந்தது. சுமித்திரா இறங்கினாள். அங்கும் இங்கும் பார்த்தாள். அம்மாமேல் பட்ட பார்வை நிற்காமல் கடந்து போனது. போன் எடுத்தாள். பத்மாசனியின் மடியில் மணி அடித்தது. பிள்ளைக்குக் கேட்கவில்லை.

போ பிள்ளை. வீட்டை போ. வாய் திறந்தது. சத்தம் இல்லை.

மஸாஹிர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "அம்மாவைக் காணேல்லையே? இதில நிக்காதேங்கோ பிள்ளை, வீட்டை போங்கோ."

"இல்லை சேர். அம்மா ஒருநாளும் பிந்தமாட்டா. வருவா. நான் இருக்கிறன்."

ஜன்னல் சாத்தப்பட்டது. ரயில் போனது. சுமித்திரா பையைக் கழற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் நடந்து வந்தாள்.

சுவரோரம் வரிசையாய் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நெரிசலான பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் கொடுப்பதுபோல, ஒருவர் பின் ஒருவராய், மெல்ல நகர்ந்து கொடுத்தார்கள். கடைசியில் பத்மாசனியின் உடம்பும் நகர்ந்தது.