மூச்சு விடாதே உதய்!

"ஸ்கேன் எடுத்த ஒரிஜினல் போட்டோ எல்லாம் எனக்கு வேணும் சார். இப்பவே!"

ஜெயசீலி இப்படிக் கேட்டதும் முதலாளி சிரிலின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

அந்த ஸ்டூடியோவில் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அதுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சிரில் சொல்லியிருந்தான். ஆளைச் சுற்றிப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் உடம்பு மாடல் தருவேன், செதுக்கு. யாரை வைத்து எடுத்தது என்று கேட்காதே. அதுவும் க்ளையன்ட் முன்னால்... வாயே திறக்காதே!

க்ளையன்ட் ஷைலா, பெங்களூரிலிருந்து வீடியோ காலில் இருந்தாள். திருத்தம் சொல்லும் கால் என்பதால் வழக்கம்போல் பதிவு செய்துகொண்டிருந்தாள். சிரிலின் திரையில் இருப்பது அவள் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் பாதாள ராஜா. கம்ப்யூட்டர் கேமின் வில்லன். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். அரக்க முகம்... மனித உடம்பு... அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஜெயசீலி போட்ட இரும்புச் சங்கிலி.

"என்ன போட்டோ சிரில்?" என்றாள் ஷைலா.

"ஒண்ணுமில்ல மேடம்... ஒரே நிமிஷம்!"

மைக் ஆஃப். கேமரா ஆஃப். ஸ்பீக்கரும் ஆஃப்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? க்ளையன்ட் எதிர்ல இன்னா கேள்வி அது?"

"இந்த உடம்பு யாரோடது சார்?"

"நெட்ல வாங்கினது."

"பொய்!"

ஜெயசீலி கத்தவில்லை. கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அந்தத் தெருவே விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிற தெரு. பகலெல்லாம் பூட்டுகள்தான் குடியிருந்தன.

அவள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா இல்லை. அம்மா இல்லை. குடும்பத்தின் முதல் டிகிரி அவளுடையது. ஃப்ரேம் போட்டு மாட்ட ஆணி இருந்தது... பார்க்கத்தான் யாரும் இல்லை.

உதய் ஒருவன் இருந்தான். பக்கத்து மாரிகுப்பத்துக்காரன். அவளோடு ரயிலில் போய் அனிமேஷன் படித்தவன். இங்கே அவளுக்கு அடுத்த நாற்காலி. டிபன் பாக்ஸ் மூடியில் அவளுக்கும் கொஞ்சம் வைப்பவன்.

ஒருநாள் வரவில்லை!

பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றான் சிரில். போன் ஸ்விட்ச் ஆஃப். சொல்லாமல் போய்விட்டானே என்று அவனைத் திட்டித் திட்டி அழுதவள் ஜெயசீலி.

நேற்று வரை.

"நேத்து சங்கிலி போட்டேன் சார். ஒரு கோடு இழுத்தா, அது மேல சாஃப்ட்வேரே வளையம் வளையமா கோத்துக்கினு போவும். எப்பவும் இன்னா ஆவும்? பாதி வளையம் சதைக்குள்ள பூந்துக்கும். பாதி காத்துல தொங்கும். ஒவ்வொண்ணா உக்கார வெக்கறதுக்குள்ள நம்ம உசுரு போய்டும்."

"அதுக்கு?"

"இதுல தோள்ல லேசா ஒரு பள்ளம் தெரிஞ்சிது. அது மேலயே கோடு இழுத்தேன். வளையம் எல்லாம் அதுங்களே உக்காந்துக்குச்சி! ஒவ்வொண்ணுக்கும் கீழ தோல்ல தடம் ரெடியா கீது. எனக்கு முன்னாடியே யாரோ நிஜ சங்கிலி சுத்தியிருக்காங்க!"

சிரில் சிரித்தான்.

"ஸ்கேன்ல பள்ளம் மேடெல்லாம் சகஜம்மா."

"கழுத்துக்குக் கீழ காறை எலும்பு ஒடஞ்சி கோணலா சேந்திருக்கே, அதுவும் சகஜமா? உதய் ஓடற ரயில்ல ஏறப் போய் வுழுந்தான். கட்டுப் போட இட்டுக்கினு போனதே நான்தான்!"

"சரி... உதய்தான். போறதுக்கு முன்னாடி மாடலா உக்காந்தான். தப்பா?"

"உசுரோட உக்காந்தானா?"

ஜெயசீலி திரையில் ராஜாவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"சுத்திச் சுத்தி நூறு போட்டோ எடுக்கறோம். அதுக்குள்ள மனுஷன் மூச்சு வுடுவான். நெஞ்சு ஏறும், எறங்கும். அதனால நெஞ்சுப் பக்கம் எப்பவும் சொரசொரன்னுதான் வரும். அதைத் தேச்சி சரி பண்றதே என் பொழப்பு. இவன் நெஞ்சு... கண்ணாடி மாதிரி கீது சார். கல்லு சிலைக்குத்தான் அப்படி வரும்!"

சிரில் நாற்காலியில் சரிந்தான்.

"நான் கொல்லல ஜெயா... நெஜமா இருக்கட்டும்னு பழைய மைன்ஸ் சங்கிலியச் சுத்தினேன். இறுக்குது சார்னான். அசையாத, மூச்ச அடக்கிக்கோடான்னேன்... முதல் ரவுண்ட் போட்டோ பூரா கலங்கிப் போச்சி."

"ஏன் கலங்கிச்சி?"

"துடிச்சான். நடிக்கறான்னு நெனச்சேன். அவுத்துப் பாத்தா... மூச்சில்ல."

"ரெண்டாவது ரவுண்ட் எப்ப எடுத்தீங்க?"

சிரில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"...அதுக்கப்புறம்தான். டெட்லைன் இருந்துச்சிம்மா."

டெட்லைன்!

"இப்ப எங்க அவன்?"

"பழைய மைன்ஸ் ஷாஃப்ட் குழியில. முழுக்கத் தண்ணி. ஒருத்தனும் எறங்க முடியாது." சிரில் மெல்ல நிமிர்ந்தான். குரலில் பழைய முதலாளி திரும்பி வந்திருந்தான். "சும்னே இரு ஜெயா. உன்ன பார்ட்னர் ஆக்கறேன். போர்டுல உன் பேரு. வேணாமா? போய்ச் சொல்லு! இந்த ஊர்ல வேற எவன் குடுப்பான் உனக்கு வேல? ப்ரூஃப்தான் இன்னா கீது? போட்டோவா? இதோ பாரு!"

ஃபோல்டரைத் திறந்தான்.

திரை முழுக்க உதய். சங்கிலியோடு... சங்கிலி இல்லாமல்... வாய் திறந்து... தலை தொங்கி...

ஜெயசீலி பார்வையைத் திருப்பவில்லை. யாராவது ஒருவர் அவனைப் பார்க்க வேண்டும் அல்லவா!

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். டெலீட். நிச்சயமா என்று கேட்டது கம்ப்யூட்டர். நிச்சயம் என்றான்.

"முடிஞ்சிது. இப்ப இன்னா பண்ணுவ?"

அவள் அடுத்த மேஜையிலிருந்து உதயின் ஹெட்போனை எடுத்துத் தன் பையில் போட்டாள். கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றி கீபோர்டு மேல் வைத்தாள்.

சிரிலின் போன் அலறியது. ஷைலா! கட் செய்தான். மறுபடி அலறியது. மறுபடி... மறுபடி...

"இன்னாத்துக்கு இப்படிக் கூப்புடறா இவ?"

"மைக்க ஆஃப் பண்ணீங்க. கேமராவ ஆஃப் பண்ணீங்க. ஸ்கிரீன ஷேர் பண்ணிக்கினு இருந்தீங்களே சார்... அத?"

சிரில் திரையைப் பார்த்தான். ஓரமெல்லாம் பச்சைக் கோடு. மூலையில் சிவப்புப் புள்ளி சிமிட்டியது... ரெக்கார்டிங்!

"அதுக்குத்தான்... கால்ல இருக்கறப்ப கேட்டியா?"

"கேக்காதன்னு நீங்கதான சொன்னீங்க? கேட்டாத்தான அந்த ஃபோல்டர மேடம் கண்ணு முன்னாடியே தொறப்பீங்க!"

அவன் பதறி மவுஸை அழுத்தி ஷேரை நிறுத்தினான். போன் மறுபடி அலறியது.

முதலில் போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் மாரிகுப்பம். அங்கே உதயின் அம்மா பார்வதம்மா, பம்பாயிலிருந்து வரப்போகும் போனுக்காக உட்கார்ந்திருப்பாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஜெயசீலிக்கு இன்னும் தெரியவில்லை. துணைக்கு வர ஆளும் இல்லை. ஆனால் போவது என்று நேற்றே முடிவாகிவிட்டது.

கதவைத் திறந்தாள். வெளியே பூட்டிய வீடுகள், வெயில்.

"ஸ்டேஷன்ல உங்களயும் நேரா, சைடுலன்னு நிக்க வெச்சி போட்டோ எடுப்பாங்க சார். நல்லா மூச்சு வுட்டுக்கோங்க... கொஞ்சம் கலங்கினா பரவால்ல!"