ஐந்தாவது தடுப்பாட்டக்காரி

செவல்குடியில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "கனம் எடுத்தாச்சா?" என்பதுதான். செவ்வாய்க் கிரகத்தில் மனித உடம்பின் எடை, பூமியில் இருக்கும் எடையில் பாதிகூட வராது. அப்படியே விட்டால் எலும்பெல்லாம் கொஞ்ச வருடங்களில் அப்பளமாகிவிடும். அதனால் தெருவுக்குத் தெரு ஒரு கனச்சக்கரம் வைத்திருந்தார்கள். ஒரு வீடு அளவுக்குப் பெரிய உருளை அது. சுழலச் சுழல உள்ளே இருப்பவர்களைச் சுவரோடு அழுத்திப் பூமியின் எடையைக் கொடுக்கும். தெருக்காரர்கள் காலையில் அதற்குள் போய், சுவரையே தரையாக்கி உட்கார்ந்து, காய் நறுக்குவார்கள், பிள்ளைகளுக்குத் தலை பின்னுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் நம் தலைக்கு மேலே தலைகீழாகத் தொங்குவதுபோல் தெரிவார். யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை.

அன்று வெயிலுகந்தாளின் தலைக்கு மேலே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்கா இசக்கியம்மாள். தோட்டக்கூடத்தில் இந்தத் தடவை வெண்டைக்காய் முற்றிப்போனது, குழாயில் தண்ணீர் சன்னமாக வருவது, எதிர்வீட்டுக்காரி புதிதாக வாங்கிய சேலை என்று எல்லாவற்றையும் அவள் பேசினாள். தன் மகள் கோமுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலுகந்தாளுக்கு அதுதான் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

செவ்வாய்க்குத் தனி நாடு என்ற தகுதி கிடைத்தது சமீபத்தில்தான். அதையொட்டி, பூமியின் நிலவில் நடக்கவிருந்த உலகங்களின் கோப்பைக்குப் பெண்கள் ஹாக்கி அணியை அனுப்பும்படி அழைப்பும் வந்திருந்தது. தேர்வுக்குழுவின் தலைவி வெயிலுகந்தாள். தன் காலத்தில் பின்களத்தில் நின்று பேர் வாங்கியவள். முன்களம், நடுக்களம், கோல்கீப்பர் எல்லாம் முடிவாகிவிட்டன. பின்களத்திலும் நால்வர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடம்தான் இழுத்துக்கொண்டிருந்தது. போட்டியில் இருந்தவர்கள் இருவர். ஒருத்தி, செவல்குடியைப் பகுதி பகுதியாக மூடியிருந்த கூடாரங்களில் வடக்குக் கூடாரத்தைச் சேர்ந்த எஸ்தர். இன்னொருத்தி கோமு.

குழுவின் இரண்டாவது உறுப்பினர் எபனேசர். மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையில் பொறியாளர், பழைய கோல்கீப்பர். மூன்றாவது உறுப்பினர் மனிதர் அல்ல. நடுவன் என்று பெயரிடப்பட்ட, தானே யோசித்துப் பேசும் அறிபொறி.

நடுவனுக்கு வாக்குரிமை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் கூடாரங்களுக்கிடையே அணி தேர்வு செய்யும்போது அடிதடிதான் மிஞ்சும். அவன் மச்சினன், இவள் மதினி மகள் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூட்டம் கிளம்பும். ஒரு வருடம் ஒரு தடுப்பாட்டக்காரனை விட்டுவிட்டார்கள் என்பதற்காக நிச்சயமான கல்யாணமே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் ஊர் கூடிப் பேசி, சொந்தபந்தம் இல்லாத ஒரே ஆள் இந்த நடுவன்தான் என்று முடிவுகட்டி, அதைக் குழுவில் உட்கார வைத்தது. தண்ணீர்ப் பங்கீடு, பள்ளிக்கூட மதிப்பெண் என்று மற்ற வழக்குகளும் நாளடைவில் அதனிடமே போயின. யாரும் அதன் தீர்ப்பை மறுத்ததில்லை.

முதல் அமர்வில் எபனேசர் எஸ்தருக்காகப் பேசினார். எஸ்தர் பதறமாட்டாள், எதிராளி பந்தைக் கொண்டுவரும்போது பின்வாங்கிப் பின்வாங்கி அவளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் மட்டையை ஒரே ஒரு தடவை நீட்டுவாள், அது போதும் என்றார். கோமு அப்படியல்ல. அவள் பாய்கிறவள். எதிராளி பந்தை நிறுத்துவதற்கு முன்பே முன்னால் வந்து பறிப்பாள். பறித்தால் கைதட்டல், தவறினால் பின்னால் வெட்டவெளி.

வெயிலுகந்தாளுக்குக் கோமுதான் சரி என்று பட்டது. பட்ட அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. தனக்குத் தெரிவது அந்தப் பெண்ணின் ஆட்டமா, இல்லை தன் மடியில் கிடந்த பிள்ளையா? கோமுவை எடுத்தால் ஊர் சும்மா விடாது. விட்டால் அக்கா சும்மா விடமாட்டாள். இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம். எது நியாயம் என்று தனக்கே தெரியவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அரை மனதோடு கோமுவின் பெயரைச் சொன்னாள். ஆளுக்கு ஒரு பக்கம் ஆயிற்று. இனி நடுவன் சொல்வதுதான் முடிவு என்று அவள் மூச்சு விட்டபோது, மேசை நடுவிலிருந்து அதன் நிதானமான குரல் வந்தது.

"தலைவர் அவர்களே, எனக்குச் சிறிது அவகாசம் வேண்டும்."

எபனேசர் வெயிலுகந்தாளைப் பார்த்தார். ஒரு கூடாரத்தின் தண்ணீர்ப் பங்கை ஒரு கண் சிமிட்டலில் பிரித்துக் கொடுக்கும் பொறி அது. அவகாசம் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

அடுத்த சில நாட்கள் வெயிலுகந்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. நடுவனுக்குப் பழுது என்று வெளியே தெரிந்தால் ஹாக்கியோடு போகாது. அது தீர்த்த தண்ணீர் வழக்கையெல்லாம் மறுபடி கிளறுவார்கள். பயிற்சிக்கூடத்துக்குப் போய் ஓரமாக நின்று இரண்டு பெண்களையும் பார்த்தாள். இடுப்பில் எடைக்கச்சை கட்டிக்கொண்டு, தாவித் தாவி, செந்தூசி பறக்க ஆடினார்கள். எஸ்தர் பின்வாங்கும்போது அவள் கால் தரையில் பதியும் அழகைப் பார்த்தாள். கோமு பாயும்போது தன் நெஞ்சு துள்ளுவதையும் பார்த்தாள். வந்தபோது இருந்த குழப்பத்தோடேயே திரும்பினாள். அக்கா அன்றும் வெண்டைக்காயைப் பற்றியே பேசினாள்.

இரண்டாம் அமர்வில் நடுவன் சுற்றிவளைக்கவில்லை.

"இந்தத் தேர்வில் நான் வாக்களிக்கக் கூடாது. எஸ்தருக்குக் கணுக்கால் முறிந்தபோது மருத்துவமனையில் ஒரு சமநிலைச் சில்லு பொருத்தினார்கள். விதிகளின்படி அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சில்லுக்குள் ஓடும் அறிவு, என்னிலிருந்து பதியம் போட்டு வளர்த்தது. அவள் கால் எடுத்து வைக்கும் விதம் எனக்கு மிகவும் சரியாகத் தெரிகிறது. அது உண்மையிலேயே சரியா, அல்லது நானும் அப்படித்தான் வைத்திருப்பேன் என்பதால் அப்படித் தெரிகிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பலமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன்."

எபனேசர் முதலில் இருமினார். அப்புறம் அது இருமல் இல்லை, சிரிப்பு என்று தெரிந்தது. வெயிலுகந்தாளுக்கும் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. தான் இத்தனை நாள் மனதுக்குள் பூட்டிவைத்திருந்ததை, ரத்தமும் சதையும் இல்லாத ஒன்று எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டது.

"எனக்கும் அதே சீக்குதான்," என்றாள். "கோமு எங்கக்கா மக. ஊருக்கே தெரியும். அவ ஆடுததைப் பாக்கேனா, அவளைப் பாக்கேனான்னு எனக்கே தெரியல."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்பொ நானும் சொல்லிருதேன், யக்கா. எஸ்தரை எங்க மச்சினன் மகனுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். இன்னும் வெளிய சொல்லல."

இனி என்ன செய்வது என்று மூவரும் யோசித்தார்கள். சொந்தம் இல்லாத நான்காவது ஆளைத் தேடலாம் என்றால், செவல்குடியில் எந்த இருவரை எடுத்தாலும் மூன்றாவது பேச்சில் உறவு வந்துவிடும். கடைசியில் வெயிலுகந்தாள்தான் ஒரு வழி சொன்னாள். அவரவர் ஆளை அவரவர் விட்டுவிட வேண்டியது. அவள் எஸ்தருக்காகப் பேசுவாள், எபனேசர் கோமுவுக்காகப் பேச வேண்டும், மனதறிந்து, முழு மூச்சோடு. நடுவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்.

வெயிலுகந்தாள் எஸ்தருக்காகப் பேச ஆரம்பித்தபோது ஒப்புக்குத்தான் ஆரம்பித்தாள். பேசப் பேச அவளுக்கே சூடேறியது. பயிற்சிக்கூடத்தில் பார்த்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எஸ்தர் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இடம் சொல்லிக்கொடுப்பது, பெனால்டி கார்னரில் பந்து மேலே எழும்பினாலும் முகத்தைத் திருப்பாதது, ஒரு தவறுக்குப் பிறகு தலையைத் தொங்கப்போடாதது எல்லாவற்றையும் சொன்னாள். தன் அக்கா மகளுக்கு எதிராக இவ்வளவு நன்றாகப் பேச முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பேசி முடித்தபோது எஸ்தர்தான் போக வேண்டும் என்று அவளே நம்பிவிட்டாள்.

எபனேசரும் அதேபோல நம்பிவிட்டிருந்தார், எதிர்ப்பக்கத்தை.

பழையபடி ஆளுக்கு ஒரு பக்கம். ஆனால் இந்தத் தடவை சண்டை சுத்தமாக இருந்தது. குரல் உயர்ந்தது, மேசையில் தட்டினார்கள், தண்ணீர்க் குவளைகளை ஆட்டக்காரர்களாக நகர்த்தி நகர்த்திக் காட்டினார்கள். இருவர் மனதிலும் பயம் மட்டும் இல்லை.

முடிவைக் கொண்டுவந்தது எபனேசர் சொன்ன ஒரு விஷயம். ஆட்டம் நடக்கப்போவது நிலவில். அங்கே கனம் இதிலும் பாதிக்குக் கீழே.

"நான் கோல்ல நின்னவன், யக்கா. அங்க பந்தைத் தட்டுனா மேல ஏறிக்கிட்டே போகும். எஸ்தர் மாதிரி பின்வாங்கிப் போனா, அடிக்கிறவளுக்கு நேரம் கெடைக்கும். எஸ்தரு தலைக்கு மேலயே பந்து உள்ள வந்துரும். அடிக்கவே விடக்கூடாது. அதுக்கு முன்னால போயி விழுகிறவ வேணும்."

வெயிலுகந்தாள் மறுத்துப் பார்த்தாள். எஸ்தரை இன்னும் கொஞ்சம் முன்னால் நிறுத்தலாமே என்றாள். நின்றால் அவள் எஸ்தராக ஆடமாட்டாளே என்றார் அவர். கச்சையின் எடையைக் கூட்டலாமே என்றாள். பந்துக்கு யார் கச்சை கட்டுவது என்று கேட்டார். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தாள், உண்மையிலேயே இல்லை. கோமுவை எதிர்த்து, முடிந்தமட்டும் போராடி, அவள் தோற்றிருந்தாள். அந்தத் தோல்வி ஒரு குடம் குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றியதுபோல் இருந்தது.

ஐந்தாவது தடுப்பாட்டக்காரி கோமு என்று முடிவாயிற்று. எஸ்தர் மாற்று ஆட்டக்காரி.

நடந்ததை மறைக்கக் கூடாது என்று, நடுவன் விலகியதையும் சேர்த்தே ஊருக்கு அறிவித்தார்கள். கலவரம் வரும் என்று வெயிலுகந்தாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஊருக்கு ஏதோ ஒரு பாரம் இறங்கியதுபோல் ஆகிவிட்டது. இவ்வளவு காலமும் நடுவன் முன்னால் போய் நிற்பவர்கள், குற்றவாளிபோல் கைகட்டி நிற்பார்கள். இப்போது தண்ணீர் வழக்குக்குப் போனவர்கள் சிரித்துக்கொண்டே, "எதிர்க்கட்சிக்காரன் ஒங்களுக்கு ஏதும் மொறை ஆகணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அதுவும் பொறுப்பாகச் சரிபார்த்துவிட்டு, இல்லை என்றது.

எஸ்தர் ஒருநாள் அழுதாள். மறுநாள் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். இசக்கியம்மாளின் காதுக்குத்தான் வேறு விஷயம் எட்டியிருந்தது. தன் தங்கை, தன் மகளை எதிர்த்துப் பேசியிருக்கிறாள்.

"எம் மவ அருமை ஒனக்குத் தெரியல. எபனேசர் தம்பிக்குத்தான் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, பாயசத்தை எபனேசர் வீட்டுக்கு மட்டும் கொடுத்தனுப்பினாள். வெயிலுகந்தாள் எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொண்டாள். அக்கா வாய்விட்டுத் திட்டியது அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அணி நிலவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம். ஒரு மதிய வேளையில் குழு அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று வெயிலுகந்தாள் எழுந்தாள். அமர்வு எதுவும் இல்லை, பதிவுக்கருவியும் அணைந்திருந்தது. மேசையிலிருந்து குரல் வந்தது.

"தலைவர் அவர்களே."

"சொல்லு."

நடுவன் தயங்கியது. நிலவில் ஆட்டங்கள் அடுத்தடுத்து இருப்பதாகச் சொன்னது. அங்கே யாருக்கு வேண்டுமானாலும் தசை பிடித்துக்கொள்ளலாம் என்றது. அடிபடக் கூடாது, அப்படி ஒருவேளை பட்டுவிட்டால் மாற்று ஆட்டக்காரியை இறக்க வேண்டிவரும் என்றது. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். இதை ஏன் இப்போது சொல்கிறது என்று புரியாமல் நின்றாள். அப்புறம் அதன் குரல் இறங்கியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கேட்டறியாத ஒரு தமிழில், செவல்குடிக்காரர்கள் பேசுகிற தமிழில், அது பேசியது.

"நம்ம எஸ்தரு இப்பொ முந்தி மாதிரி இல்ல, நல்லா முன்னால வந்து ஆடுதா. நான் வேற எதுவும் சொல்லலை, யக்கா. சும்மா ஒங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்."

வெயிலுகந்தாள் சாவியும் கையுமாக மேசைப் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு, தேர்வுக்குழுவில் உட்கார்ந்த எல்லா மனிதர்களும் எல்லாக் காலத்திலும் சொல்லிவந்த அதே பதிலை, அதே இழுவையோடு சொன்னாள்.

"பாப்போம், தம்பி."