நாலாவது துண்டு

பெட்டியைக் கவிழ்த்து அழுக்குத் துணிகளைத் தரையில் கொட்டியபோது துண்டுகள் நான்கு விழுந்தன. ஊருக்குப் போகும்போது எடுத்துப் போனவை மூன்று. கணவருக்குப் பச்சை, அவளுக்கு நீலம், ஏழு வயது மகளுக்கு மஞ்சள். நான்காவது சாயம் போன பழுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. ஒன்பது மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறார்கள். மற்ற மூன்றும் காய்ந்து கிடக்க, பழுப்புத் துண்டு மட்டும் இப்போதுதான் யாரோ தலை துவட்டியதுபோல ஈரமாக இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, அவமானம். எழுபது அறைகள் உள்ள விடுதியில் இருபது வருடமாகத் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவள் அவள். துண்டு திருடும் ஜாதியை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. கோட்டும் சூட்டுமாக வந்து, கிளம்பும்போது பெட்டிக்கு அடியில் விடுதித் துண்டை மடித்து வைத்துக்கொண்டு பல்லிளிப்பார்கள். கட்டிலைப் பார்த்தே எத்தனை பேர் படுத்தார்கள் என்று சொல்லிவிடுவாள். இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு மூன்றாவது ஆளை ஒளித்து வைத்தால் அவளிடம் நடக்காது. மேசையில் விரலை ஓட்டித் தூசி பார்க்கும் பழக்கத்தால் வேலைக்காரப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'விரலம்மா' என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட விரலம்மா வீட்டுப் பெட்டியிலேயே அடுத்தவர் துண்டு.

கணவரைத்தான் பிடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பார், தன் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. நான் எடுக்கவில்லை, பெட்டியில் துணி வைத்ததே நீதானே என்றார் அவர். அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பாலும் காய்கறியும் வாங்கி வரச் சொல்லி அவரை விரட்டினாள். விட்டால் போதும் என்று அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து நாள் விடுமுறை. பெரிய நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் ஆசைப்பட்டார். பார்த்ததெல்லாம் வரிசை. கோபுரத்துக்கு ஒரு வரிசை, அருங்காட்சியகத்துக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு அதைவிட நீளமாக ஒன்று. தங்கியது மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால் கூன் விழுந்து உட்கார்ந்திருப்பாள். மாடி வீட்டின் கதவுக்கு உட்புறம் கோணல்மாணலான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு, 'வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்'.

அதைப் படித்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விடுதிக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை, அவளுக்கே குறிப்பா? முதலில் சொன்னவை சாதாரணமானவை. கதவைச் சற்றுத் தூக்கிப் பூட்டுங்கள். வெந்நீர் காலை எட்டு மணி வரைதான். ரயில் நிலையத்துக்கு முன்வாசல் வண்டிகளை நம்பாதீர்கள், பின்பக்கம் பேருந்து உண்டு. அதற்குப் பிறகுதான் கிறுக்கு. குளியலறை ஆணியில் தொங்கும் பழுப்புத் துண்டை எடுக்காதீர்கள். நடைவழி விளக்கை அணைக்காதீர்கள். கடைசியாக, அடிக்கோடிட்டு, 'போகும்போது வீட்டுக்குள் பார்த்து யாரையும் கூப்பிடாதீர்கள். பிள்ளையானாலும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள்.'

பழுப்புத் துண்டை முதல் நாளே எடுத்துக் குளியலறைத் தரையைத் துடைத்தாள். ஆணியில் திரும்ப மாட்டும்போது, இதைத் துண்டென்று சொன்னால் துண்டுக்கே கோபம் வரும் என்று கணவரிடம் சொன்னாள். நடைவழி விளக்கைத் தினமும் அணைத்தாள். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிவதை அவளால் எங்கும் பொறுக்க முடியாது. கிளம்பிய காலையில், கணவரும் மகளும் படியிறங்கிய பிறகு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். விடுதியில் தளத்தைப் பூட்டும் முன் தினமும் சொல்கிறது தானாகவே வாயில் வந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க, பூட்டப் போறேன்."

பழக்கம்தான். ஆனால் பாதி வார்த்தையில் அந்தத் தாள் கண்ணில் பட்டது, நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கீழே இருக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்று மீதியைக் குரலை உயர்த்தித்தான் சொன்னாள். கீழே தையல் இயந்திரம் நின்றது. சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான பைத்தியம் என்று அவள் அத்தோடு மறந்துவிட்டாள்.

இங்கே வந்து இறங்கியபோது வண்டிக்காரர்கூட ஒரு மாதிரிதான் நடந்துகொண்டார். மூன்று பேரும் இறங்கி, பெட்டியும் இறங்கிய பிறகு, பின்கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். யாரோ மெதுவாக இறங்கி முடிக்கட்டும் என்பதுபோல. அப்புறம்தான் கதவைச் சாத்தினார். தூங்குமூஞ்சி என்று அவள் முணுமுணுத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மூக்கு சொன்னது. ஐந்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. அடைத்த காற்றும், காய்ந்த வடிகாலும், பழைய துணியுமாக. அது இல்லை. ஆள் இருக்கும் வீட்டின் வாடை அடித்தது. ஈரத் தலையும் மலிவான சோப்பும் கலந்த வாடை. பெட்டியிலிருந்து வருகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அப்போது பெட்டி திறக்கப்படவே இல்லை என்பது இப்போது உறைத்தது.

சரி, தாராளமாக உறைக்கட்டும். பழுப்புத் துண்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டு வாளியில் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டி அமுக்கினாள். துவைத்து அனுப்பிவிடுவோம், விடுதிக்காரி திருடிவிட்டாள் என்று அந்தக் கூனி பேசக் கூடாது. பிறகு மகளைக் குளிக்க அனுப்பினாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். உலகத்தில் விரலம்மா தூசி பார்க்காத ஒரே பொருள் அவள்தான். துண்டு எடுக்காமலே குளியலறைக்கு ஓடிவிட்டாள், அதுவும் வழக்கம்தான். விரலம்மா அலமாரியிலிருந்து புது மஞ்சள் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே படுக்கையறையை ஒரு பார்வை பார்க்கப் போனாள்.

வாலுவின் கட்டில். ஊருக்குப் போகும் முன் விரிப்பின் நான்கு மூலையையும் இழுத்துச் செருகி, காசைப் போட்டால் துள்ளும்படி விரித்து வைத்திருந்தாள். இப்போது நடுவில் ஒரு குழி. சிறிய குழி. சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்த உடம்பு, மடக்கிய முழங்கால், தலையணையில் ஈரவட்டம். வாலு சுவர்ப் பக்கம் படுக்கமாட்டாள். வந்ததிலிருந்து இந்த அறைக்குள் அவள் வரவும் இல்லை.

இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு மூன்றாவது ஆளை ஒளித்து வைத்தால் கட்டில் சொல்லிவிடும்.

விரலை வைத்துப் பார்த்தாள். குழி இன்னும் சூடாக இருந்தது.

பின்கட்டுக்கு வேகமாக நடந்தாள். ஓடவில்லை, தன் வீட்டில் தானே ஓடுவதா? வெளியே பொழுது சாய்ந்து, சுவரெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. வாளியில் நுரை மட்டும் இருந்தது. கையை விட்டுத் துழாவினாள். துண்டு இல்லை. வாளியிலிருந்து வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாக ஈரம் போயிருந்தது.

குளியலறைக் கதவில் காதை வைத்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம், வாலு ஏதோ முணுமுணுக்கும் சத்தம்.

"வாலு, யார்கூடடி பேசற?"

"அவகூட."

"எவகூட?"

"நீதானே கூப்பிட்ட. எல்லாரும் வெளிய வாங்கன்னு." தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குழந்தை சாதாரணமாகச் சொன்னாள். "அவளை யாருமே கூப்பிட்டது இல்லையாம்மா."

கதவைத் திறந்தாள். வாலு மட்டும்தான் இருந்தாள், தலையெல்லாம் நுரையாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. வேறு யாரும் இல்லை. சீக்கிரம் குளித்து முடி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கூடத்துக்கு வந்து, அந்தக் கூனியின் எண்ணைத் தேடி அழைத்தாள். துண்டு தவறி வந்துவிட்டது, அனுப்பிவைக்கிறேன் என்று கெத்தாகத்தான் தொடங்கினாள். பாதியில் கட்டிலில் கிடந்த சூடான குழியைச் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"துண்டு தானா வராதும்மா," என்றாள் வீட்டுக்காரம்மா. அதில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "தாள்ல எழுதித்தானே வெச்சேன். படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இங்க இருந்தவரைக்கும் அது ஒரு ஆணியோட கிடந்துச்சு. சரி, கேளுங்க. வீட்ல யார் பேரையும் சொல்லிக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா அதுவும் வரும். பிள்ளையோட கையைப் பிடிச்சு, வாயே திறக்காம வெளிய வந்து கதவைப் பூட்டுங்க. பூட்டினா திறக்காதீங்க, விடியட்டும். உள்ள இருக்கறது உள்ளயே இருந்துடும்."

அவளுக்குக் குறிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறிப்பை அப்படியே கேட்டுக்கொண்டாள்.

சாவியை எடுத்தாள். நடைவழி இருட்டு. விளக்கைப் போட்டதே இல்லை; ஆளில்லாத இடத்தில் விளக்கெதற்கு. சுவிட்சுக்கு நாலடி போக வேண்டும். போகவில்லை. நடைவழியின் முனையில், குளியலறைக் கதவுக்கு வெளியே, வாலு நின்றாள். குளித்து முடித்து, வழக்கம்போலத் துண்டைத் தலையோடு முகத்தையும் மூடிப் போர்த்திக்கொண்டு. உள்ளே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடத் தெரியாது. அப்பாவைக் கொண்டு பிறந்தது. அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

கூப்பிடவில்லை. பேர் சொல்லவில்லை. கையைப் பிடித்தாள்.

சின்னக் கை. உடனே பற்றிக்கொண்டது.

கூடம். செருப்பு வேண்டாம். வாசல். பின்னால் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கதவை இழுத்தாள். சாவி. ஒரு சுற்று. இரண்டு சுற்று. பூட்டியாகிவிட்டது. கதவில் நெற்றியை வைத்துச் சாய்ந்தாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம். அழுகை வந்தது. இரண்டு பேர் வெளியே. இனி அவர் வரும்வரை இப்படியே நிற்கலாம்.

அப்போதுதான் கை உறைத்தது. குளித்துவிட்டு வந்த கை.

காய்ந்திருந்தது.

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. தன் தோளைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து எடுத்த மஞ்சள் துண்டு, மடிப்புக் கலையாமல், இன்னும் அவள் தோளிலேயே கிடந்தது.

பூட்டிய வீட்டுக்குள், தூரத்தில், தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அம்மா," என்றாள் வாலு உள்ளேயிருந்து. "துண்டு குடும்மா."

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட பழுப்புத் துண்டு மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அதற்குள்ளிருந்து இன்னொரு சின்னக் கை நீண்டு, பூட்டில் தொங்கிய சாவியைப் பதமாக உருவி எடுத்துக்கொண்டது.