இருபது அடிக்கு ஒரு ஃபோல்டர்

தம்மம்பட்டியில் போட்ட போர்வெல்லின் 'மூடி' ஃபோல்டருக்குள் புதிதாக இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பெயர் '20 அடி'. சத்யபிரியா அதை உருவாக்கவில்லை. திருச்செங்கோட்டில் அவள் வேலை பார்க்கும் போர்வெல் ஆபீசின் கிளவுட் கணக்கில் எந்த ஃபோல்டர் முளைத்தாலும் அது அவள் கையால் முளைத்ததாகத்தான் இருக்கும். போர் போடப் போகும் ரிக் வண்டியில் இருப்பவர்கள் போட்டோ அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவள் ஆபீசுக்கு வந்திருக்கவே தேவையில்லை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்திருந்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அதற்குக் கீழே வெளிச்சம் மழைமேகத்தில் பழுத்துப்போய்க் கிடந்தது, வெளியே வரிசையாக நின்ற ரிக் வண்டிகளிலிருந்து டீசல் வாடையும் நனைந்த கல்தூளின் வாடையும் தரையோடு தவழ்ந்து வந்து அவள் காலைத் தொட்டுக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரின் காற்றாடி உறுமியது. வேறு சத்தம் இல்லை.

யாராவது ஃபோனில் தவறுதலாகக் கை பட்டு உருவாக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். விவரத்தைப் பார்த்தாள். உருவாக்கியவர்: சத்யபிரியா. நேரம்: சற்று முன்.

இந்த ஃபோல்டர் முறையைக் கொண்டுவந்தவளே அவள்தான். அதற்கு முன்னால் முதலாளி வேலுமணியின் வாட்ஸாப்பில் போர் போட்ட போட்டோவும் மச்சான் வீட்டுக் காதுகுத்துப் போட்டோவும் ஒன்றாய்க் குழைந்து கிடக்கும். இப்போது ஒவ்வொரு போருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் நான்கு: பூஜை, பைப், ஆழம், மூடி. தண்ணீர் பாயின்ட் குறித்த இடத்தில் எலுமிச்சை வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் கையில் ஆளுக்கொரு சில்லு கொடுப்பது முதல் போட்டோ. குழியை மூடி போட்டு அடைத்திருப்பது கடைசிப் போட்டோ. அது வந்து சேராமல் வண்டி அடுத்த ஊருக்கு நகரக் கூடாது. வருகிறவர்களிடமெல்லாம் வேலுமணி இதைத் திறந்து காட்டிப் பெருமைப்படுவார். அவளுக்கும் பெருமைதான்.

போன வாரம் வண்டி மேனேஜர் மோகன்குமார் தம்மம்பட்டியிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, மழை இறங்குதுங்க்கா. இன்னுங் கொஞ்சம் நின்னா வண்டி சேத்துல மாட்டிக்கும். தண்ணியுமில்ல ஒண்ணுமில்ல, வெறும் கல்லுப் பொகைதான் வந்துச்சு. குழி மேல சாக்கப் போட்டுக் கல்லு வெச்சிருக்குதுங்க. திரும்பி வாரப்ப மூடியப் போட்டுக்கறோம். நீங்க வேறெதாச்சும் மூடி போட்டோ ஒண்ணப் போட்டு உட்டுருங்க."

"மோகா, மறந்துருவீங்கடா."

"மறக்க மாட்டோமுங்க்கா."

ராசிபுரம் போரின் மூடிப் போட்டோவை எடுத்து இங்கே ஒட்டி, பெயரை மாற்றினாள். செம்மண், நீலக் குழாய், மேலே மூடி. எல்லா மூடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு டீ குடிக்கப் போய்விட்டாள். இப்போது நினைத்தால் அந்த டீதான் தொண்டையில் நிற்கிறது, எவ்வளவு நிம்மதியாகக் குடித்தாள்.

வண்டி திரும்பி அந்தப் பக்கம் போகவில்லை. நேற்று சாயங்காலம், போர் போட்ட அந்த மானாவாரிக் காட்டுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை காணாமல் போனது. கிருத்திகா, நான்கு வயது. காட்டுக்குச் சொந்தக்காரர் சுவாமிநாதன் சேலத்தில் சூரமங்கலத்தில் இருக்கிறார், ரயில்வேயில் வேலை. காடு செடி மண்டிக் கிடக்கிறது. இன்று காலையில் அவர் வேலுமணியைக் கூப்பிட்டு, "குழியை மூடிட்டீங்கல்ல?" என்று பதறிக் கேட்க, வேலுமணி அவளிடம் போட்டோ கேட்டார். அவள் அனுப்பினாள். போட்டோவைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் காட்டை விட்டுவிட்டு ஏரியில் இறங்கித் தேடினார்கள். காலையிலிருந்து ஏரியில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் செய்தது சோம்பல். இன்று காலையில் செய்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும், போலீஸ் வரும், ஊர் காறித் துப்பும். ஏரியில்தான் இருக்கும், கிடைத்துவிடும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்திருந்தாள்.

'20 அடி'யைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். '40 அடி'. ரிக் வண்டியிலிருந்து குழிக்குள் இறக்கும் ஒரு இரும்பு ராடின் நீளம் இருபது அடி. ஒவ்வொரு ராடாக இறக்கும்போது மேஸ்திரி இப்படித்தான் சொல்லிக்கொண்டே போவார்.

'40 அடி'க்குள் ஒரு போட்டோ. ஈரமான பாறைச் சுவர், அதன் விளிம்பில் வெள்ளையாக ஏதோ. பெரிதாக்கினாள். தேங்காய்ச் சில்லு. ஓரத்தில் சின்னப் பல் பதிந்த தடம்.

அவள் 'பூஜை' ஃபோல்டருக்கு ஓடினாள். கற்பூரப் புகைக்குப் பின்னால், ஓரமாக, பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை தேங்காய்ச் சில்லைக் கடித்தபடி காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலேயே பார்த்த போட்டோதான். பார்த்துவிட்டு மூடிய போட்டோதான். ஆனால் காலையில் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தாள். '60 அடி'. '80 அடி'. ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று. திறக்கத் திறக்க அறையின் காற்று குளிர்ந்து, டீசல் வாடை போய், மண்ணுக்கு வெகு கீழே இருந்து வரும் ஒரு வாடை, போர் போடும்போது முதல் ஈரம் மேலே வருகையில் அடிக்குமே, அந்த வாடை வந்தது. காற்றாடியின் உறுமல் நின்றிருந்தது. அந்த இடத்தில் வேறொரு சத்தம். எங்கோ ஆழத்தில், குழாய்ச் சுவரில் கை பட்டுத் தேய்கிற மாதிரி.

'120 அடி'. அதற்குள் ஒரு சின்னச் செருப்பு.

'140 அடி'. அதற்குள் ஒன்றும் இல்லை. அடுத்த ஃபோல்டரும் இல்லை. குழந்தை இங்கேதான் சிக்கி நின்றிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது.

ஃபோனை எடுத்தாள். வேலுமணியின் எண்ணைத் தேடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"சத்யா சாமி, ஊட்லயா இருக்கறே?"

"ஆபீஸ்லதானுங்ணா."

"ஏரியில ஒண்ணும் ஆப்புடலையாமா. இருட்டறதுக்குள்ள அந்தக் குழியையும் ஒருக்காப் பாத்துரலாமான்னு இன்ஸ்பெக்டர் கேக்கறாரு. நம்ம ஆபீஸ் வேலையில அப்படியெல்லாம் தப்பு வராதுங்க, எங்க சத்யா பாத்துக்கறான்னு சொல்லிட்டிருக்கேன். மூடி போட்டது நெசந்தான?"

மழை ஷட்டரில் விழத் தொடங்கியது. சொல்லிவிடு. சொல்லிவிடு. ஒரே வார்த்தை.

"சத்யா?"

"போட்டாச்சுங்ணா. நெசந்தானுங்."

"அது போதுஞ் சாமி."

வைத்துவிட்டார்.

அவள் 'மூடி' ஃபோல்டருக்கு ஏறி வந்தாள். '20 அடி'யைத் தேர்ந்தெடுத்து அழி என்று கொடுத்தாள். உள்ளே இருக்கும் எல்லாமும் சேர்ந்து அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம்.

அழிந்தது. தேய்க்கிற சத்தமும் நின்றது. ஒரு மூச்சு விட்டாள்.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. ஒரு கோப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் எதையும் ஏற்றவில்லை.

ராசிபுரத்துப் போட்டோ இருந்த இடத்தில் வேறு போட்டோ வந்து உட்கார்ந்தது. அடியிலிருந்து மேலே பார்த்து எடுத்தது. நீண்ட கருப்பு. அதன் உச்சியில் ஒரு ரூபாய்க் காசளவு வானம்.

இன்னொன்று ஏறியது. வானம் பெரிதாகியிருந்தது. யாரோ மேலே ஏறி வருகிறார்கள்.

இன்னொன்று. வானத்தின் ஓரத்தில் நீல மூடி. பாதி மூடியிருந்தது. அதைத் தள்ளுவது ஒரு கை. பச்சைக் கண்ணாடி வளையல், மோதிர விரலில் நெளி மோதிரம்.

அவள் வளையல். அவள் மோதிரம்.

இன்னொன்று. வானம் நகக்கீற்றாகிவிட்டது. மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு சின்ன விரல்கள், சேறு அப்பி, மேலே நீண்டிருந்தன. வளையல் போட்ட கை நிற்கவில்லை. அழுத்திக்கொண்டிருந்தது.

கடைசிப் போட்டோ முழுக் கருப்பு. அதில் அவள் முகம் தெரிந்தது.

வலது கையை மவுசிலிருந்து எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை கீழ்நோக்கி, தன்போக்கில், பலமாக அழுத்திக்கொண்டிருந்தது. நகக்கண்ணெல்லாம் செம்மண்.

உள்ளங்கைக்கு அடியில், மெதுவாக, வெதுவெதுப்பாக, நான்கு விரல்கள் மேலே முட்டின.