கோலை முதலில் கீழே வைப்பது யார்?

பிரிஜெட் அண்ணாந்து பார்த்தாள். தோட்டத்துக் குளத்தின் மேலே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்பாவும் ஜெரார்ட் மாமாவும் மட்டும் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

இருவரும் கோழி இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் வீசிக்கொண்டிருந்தார்கள். மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும்.

அப்பாவுடையது ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த பழைய தூண்டில்கோல். மெதுவாக வளையும், மெதுவாக நிமிரும். மாமா அலோர் ஸ்டார் நகரத்திலிருந்து கொண்டுவந்த புதுக்கோல் கன்னங்கரேல் என்று இருந்தது. எடையே தெரியாது, 'விஷ்' என்று நிமிரும்.

"இது கிராஃபைட் லா, மச்சான்! பென்சில்ல இருக்குற அதே சாமான்."

"பென்சில வச்சு மீன் படம்தான்டா வரையலாம்," என்றார் அப்பா.

முதல் மீன் யாருக்கு என்று போட்டி. அதற்குள் கோலைக் கீழே வைப்பவர் தோற்றவர். தோற்றவர் ஒரு மாதம் வீட்டு மீனுக்கெல்லாம் செதில் உரச வேண்டும்.

மின்னல் வெட்டியது. பிரிஜெட் எண்ணினாள். பத்து எண்ணியதும் இடி கேட்டது.

பென்சில்! போன வாரம் ரமணி டீச்சர் இரண்டு முனையும் சீவிய பென்சிலைப் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே வைத்தார். பல்பு எரிந்தது. மின்சாரம் பென்சில் கரி வழியாக ஓடியது. மாமாவின் கையில் இருப்பதோ ஒன்பது அடிப் பென்சில்!

"மாமா, கீழ வைங்க! அதுல கரண்டு ஓடும்!"

"பார்த்தியா, மூங்கிலுக்கு ஒண்ணும் ஆகாது," என்று சிரித்தார் அப்பா.

"நனைஞ்சா மூங்கிலும் ஆபத்துதான்பா! வெட்டவெளியில உசரமா நிக்கிறதுலதான் மின்னல் இறங்கும்."

"அப்ப உங்கப்பா முதல்ல வைக்கட்டும்."

"ஏன், நீ வையேன்டா!"

மறுபடி மின்னல். இந்த முறை மூன்று எண்ணுவதற்குள் இடி. மின்னல் கிட்டே வந்துவிட்டது! பிரிஜெட்டுக்கு அழுகை முட்டியது. இவர்கள் மின்னலுக்குப் பயப்படவில்லை, செதிலுக்குத்தான் பயப்படுகிறார்கள்!

"ரெண்டு பேரும் ஒண்ணா போடுங்க! அப்ப யாரும் தோக்க மாட்டீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இரண்டு கோலும் ஒரே நேரத்தில் புல்லில் விழுந்தன. மூவரும் மாமாவின் காருக்குள் பாய்ந்தார்கள். கதவு சாத்தியதும் மின்னலில் கண் கூசியது. குளக்கரைத் தென்னையின் உச்சியிலிருந்து புகை வந்தது.

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்... அப்ப செதில்?"

"ஆளுக்குப் பாதி."

அந்த மாதம் ஞாயிறுதோறும் ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் வால்பக்கம் உட்கார்ந்து செதில் உரசினார்கள். யார் வேகம் என்று அதிலும் போட்டிதான். ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னது பிரிஜெட்.