ஈரம் காயாத ஆறு

பஞ்சுக் குச்சியில் சாயம் ஈரமாக ஒட்டி வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே காய்ந்திருக்க வேண்டிய சாயம்.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதுதான் அவள் தொழில்; இப்படி ஒன்றை இதுவரை கண்டதில்லை. முழுக்க முழுக்கப் புள்ளிகளாலேயே வரைந்த படம்: நகரத்து நடுவே ஓடும் ஆறு, குறுக்கே ஒரு பாலம், அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரையே பார்த்து நிற்கும் கூட்டம். கிட்டத்தில் வெறும் புள்ளி. பத்தடி தள்ளி நின்றால்தான் ஆறு ஆறாகும். ஜன்னல் வழியே பிற்பகல் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தும், சாயம் கரைக்கும் டர்பன்டைன் நெடியையும் மீறித் தேங்கிய சேற்றின் வாடையும், எங்கோ அடியாழத்தில் தண்ணீர் கல்லில் மோதும் சத்தமும் அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்தன.

பின்னால் நகர்ந்து பார்த்தாள். கூட்டத்தில் ஓர் ஆளை அவள் துடைத்தே எடுத்திருந்தாள். மற்றவர்கள் இப்போது தண்ணீரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், கொஞ்சம் இங்க வா."

பக்கத்து அறையில் படச்சட்டம் இழைத்துக்கொண்டிருந்த தம்பி, மரத்தூளைத் தட்டிவிட்டபடி வந்தான்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அவங்க மூஞ்சியப் பாரு."

"புள்ளிக்கு ஏதுக்கா மூஞ்சி?" சிரித்துக்கொண்டே, மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

"தொடாதடா!"

தொட்டுவிட்டான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவன் திரும்பினான். காதோரம் ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் ஒரு மஞ்சள். கழுத்தில் பச்சை. சட்டையில். நகத்தில். கண்ணில்.

"அக்கா, ஒண்ணும் தெரியல. எங்க இருக்க?"

ஓடினாள். கிட்டே போகப் போக அவன் கலைந்தான். முகம் இல்லை. புள்ளிகள். நடுங்கும் புள்ளிகள். குரல் மட்டும் அவற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கையப் பிடி அக்கா."

பிடித்தாள். வழுக்கியது.

கதவுவரை பின்வாங்கினாள். அங்கிருந்து பார்த்தால் தம்பி தம்பியாகவே நின்றான். நீட்டிய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அதற்கப்பால் எதிர்ச்சுவர் தெரிந்தது.

அவள் விரலிடுக்கிலிருந்து நீலமும் மஞ்சளும் தரையில் சொட்டின.

"விட்டுட்டியே," என்றான். "இன்னொரு தடவை பிடி."

மற்ற கையை நீட்டினான்.